காந்தாரி விழுங்கிய கொண்டைச்சி

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பல் இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருந்தது. கிளிக்கு இருந்தது, மைனாவுக்கு இருந்தது, காக்கைக்குக் கோணல்மாணலாக இருந்தது. எல்லாவற்றிலும் அழகான பல்வரிசை கொண்டைக்குருவிக்குத்தான். பச்சரிசியை எடுத்து வரிசையாக அடுக்கினாற்போல இருக்கும். அதன் வாலடியில் இன்று நாம் பார்க்கிற சிவப்பு அன்று கிடையாது, அங்கும் மண் நிறம்தான். காந்தாரி மிளகாயும் அப்போது மற்ற மிளகாய்களைப் போலத் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த மூன்றும் மாறிப்போனதற்கு ஒரே நாளில், ஒரே பாறையின் மேல் நடந்த காரியம்தான் காரணம். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கண்ணைக் கசக்காமல் கேளுங்கள், காரமான கதை.

மலையடிவாரத்தில் ஊத்துப்பாறை என்று ஒரு சிற்றூர். சாமையும் தினையும் விதைப்பார்கள், கொஞ்சம் வாழையும் உண்டு. அந்த ஊருக்கு இருந்த ஒரே எதிரி காட்டுப்பன்றி. கதிர் முற்றுகிற வாசனை மூக்கில் ஏறினால் போதும், மலையிலிருந்து கூட்டமாக இறங்கிவிடும். விடிந்து போய்ப் பார்த்தால் வயல் இருந்த இடம் கிளறிப்போட்ட மண்ணாகக் கிடக்கும். கூட்டத்துக்குத் தலைவன் ஒத்தைக்கொம்பன். ஏதோ ஒரு சண்டையில் ஒரு பக்கத்துக் கோரைப்பல் கொம்பை ஒடித்துக்கொண்ட பன்றி. மிச்சம் இருந்த ஒற்றைக் கொம்பே ஊரைக் குலைநடுங்க வைக்கப் போதுமானதாக இருந்தது.

அவனிடமிருந்து ஊரைக் காப்பாற்றி வந்தது முள்வேலியும் இல்லை, வேல்கம்பும் இல்லை. காந்தாரி மிளகாய்! பார்த்தால் அது ஒரு ஆளே இல்லை, விரல்நுனி அளவுகூட இருக்காது. ஆனால் ஒன்றைக் கடித்தவன் அன்றைக்கு முழுவதும் வேறு எதையும் பற்றி யோசிக்க மாட்டான். அந்த மிளகாயை அரைத்து, எண்ணெயில் குழைத்து, பனைநார்க் கயிற்றில் தடவி, பன்றியின் மூக்கு உயரத்தில் வயலைச் சுற்றிக் கட்டுவார்கள். பன்றி வரும், மூக்கால் கயிற்றைத் தொடும், அவ்வளவுதான். வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மலையேறும்.

கயிற்றுக்கு மிளகாய் அரைப்பவள் வெயிலாச்சி. வாட்டசாட்டமான பெண். வாயும் அதற்கு ஏற்றாற்போலத்தான். காந்தாரியைக் கையாள்வது விளையாட்டு இல்லை. ஊருக்குள் வைத்து அரைத்தால் தெருவே தும்மும். அதனால் ஊருக்கு மேலே இருக்கும் பெரிய பாறையில் அம்மியைப் போட்டு வைத்திருந்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் அரைப்பாள். செடியைத் தொடும் முன் முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வாள். எண்ணெய் இல்லாத கையில் காந்தாரிக் காரம் ஏறினால் தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது, கழுவக் கழுவப் பரவும். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணெய் தேய்த்து, சாம்பலில் துடைத்து, மோரில் கையை அலம்புவாள். அதுவரை மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட ஊதித்தான் விரட்டுவாள், கையைக் கொண்டுபோக மாட்டாள்.

இந்த வெயிலாச்சிக்கும் கொண்டைச்சி என்ற கொண்டைக்குருவிக்கும் ஏழாம் பொருத்தம். வெயிலாச்சி வீட்டு வாழைத்தாரில் எந்தப் பழம் முதலில் பழுக்கிறதோ அதில் கொண்டைச்சியின் பல் பதிந்திருக்கும். இவள் கவணை எடுத்தால் அது கூரைமேல் உட்கார்ந்து பல்லைக் காட்டும்.

“ஏட்டி, ஒன் பல்ல ஒரு நாளைக்கு ஒடச்சுக் கையில குடுக்கேனா இல்லையா பாரு!” என்று கத்துவாள் வெயிலாச்சி.

“மொதல்ல கவண நேரா வீசப் படி. அதுக்கு அப்புறம் பல்லப் பத்திப் பேசு!” என்று சொல்லிவிட்டு அது பறந்துவிடும்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷம் பேய்மழை பிடித்தது. காந்தாரித் தோட்டம் முழுக்கத் தண்ணீர் தேங்கி, வேர் அழுகி, செடிகள் எல்லாம் செத்துப்போயின. கயிற்றில் இருந்த காரத்தையும் மழை கழுவிவிட்டது. தப்பியது ஒரே ஒரு செடி. பெரிய பாறையின் வெடிப்பில், அம்மிக்குப் பக்கத்தில், தண்ணீர் தங்காத இடத்தில் நின்றதால் பிழைத்தது.

‘சரி, விதை இருக்கிறதே’ என்று வெயிலாச்சி அதன் பழத்தைக் கிள்ளி விதைத்தாள். முளைக்கவில்லை. சாம்பல் கலந்து விதைத்தாள், சாணியில் புரட்டி விதைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் செடியின் முன்னாலேயே போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் முளைக்க மாட்டேங்க?”

“நான் காந்தாரியாக்கும்” என்றது செடி. வம்சமே அழியக் கிடக்கும்போதும் அதன் மிடுக்குக்குக் குறைவில்லை. “தூவுனதும் முளைக்க நான் என்ன கீரையா? எங்க விதை ஒரு வயித்துக்குள்ள போயி வெளிய வந்தாத்தான் முளைக்கும். இத்தனை காலமும் மலை மேல இருந்த கெழட்டு ஆமைதான் தின்னுட்டு அங்கங்க போட்டுட்டுத் திரிஞ்சுது. அந்த நாத்தத்தான் நீ புடுங்கிட்டு வந்து நட்ட. ஆமை இந்த வெள்ளத்துல போயிட்டுது. ஆமை போச்சு, எங்க வம்சமும் போச்சு.”

வெயிலாச்சி ஓடிப்போய் ஊரில் சொன்னாள். அன்று சாயங்காலமே ஊர்மூப்பன் மாசானம் எல்லோரையும் கூட்டிப் பேசினான்.

“சாமை வெதைச்சாச்சு. கதிர் முத்தும்போது கயித்துல காரம் இல்லைன்னா ஒரு மணி மிஞ்சாது. காந்தாரி முளைக்கலைன்னா நாம இங்கன இருந்து பிரயோசனம் இல்ல. சட்டி பானையத் தூக்கிக்கிட்டுக் கீழ போயிர வேண்டியதுதான். எம்மா வெயிலாச்சி, ஒன்னால ஏதாச்சும் முடியுமா?”

“முடியும் மாமா” என்று சொல்லிவிட்டாள் வெயிலாச்சி. எப்படி என்றுதான் தெரியவில்லை.

வயிறுதானே வேண்டும்? காட்டில் வயிற்றுக்கா பஞ்சம்! முதலில் ஒரு குரங்கைக் கூப்பிட்டாள். குரங்கு, “இம்புட்டுக்கூண்டு பழமா?” என்று கேலி பண்ணிவிட்டு ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டுக் கடித்தது. அதற்கப்புறம் அது போட்ட கூத்தைச் சொல்லி முடியாது. ஒரு மரம் விட்டு ஒரு மரம் தாவி, ஓடையில் தலையை முக்கி, எரிகிற வாயைத் துடைத்த அதே கையால் கண்ணையும் துடைத்துக்கொண்டு, ‘அய்யோ’ என்று மலையைத் தாண்டி ஓடியது. மறுநாள் அது போட்டதைத் தேடிக் கண்டுபிடித்துக் கிளறிப் பார்த்தால் விதையெல்லாம் அரைபட்டுக் கிடந்தது.

அடுத்தது ஆடு. தழையோடு தழையாகச் சுருட்டிக் கொடுத்ததால் தின்றுவிட்டது. தின்னும்போது ஒரு முறை துள்ளியது. பாவம், ஆடு அசைபோடுகிற பிராணி இல்லையா? சாயங்காலம் படுத்து, தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்ததும் இன்னொரு முறை எரிந்தது! “ஒரே மொளகா ரெண்டு வாட்டி எரியுது, இது என்ன அநியாயம்!” என்று அலறிக்கொண்டு ஊரையே கூட்டிவிட்டது. அதன் புழுக்கையிலும் முழு விதை ஒன்றுகூட இல்லை.

செடியில் பழம் குறைந்துகொண்டே வந்தது. பழம் தீர்ந்தால் கதையும் தீர்ந்தது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் முற்பகல், அவள் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது கொண்டைச்சி மேலேயிருந்து பறந்துவந்தது. கவணுக்குக்கூடப் பயப்படாமல் நேரே அவள் தோளில் வந்து விழுந்தது.

“வெயிலாச்சி! சீக்கிரம் வா! ஒத்தைக்கொம்பன் ஓடைச் சேத்துல மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டுக் கெடந்தான்!”

“கெடக்கட்டும். பன்னின்னா சேத்துல கெடக்காம பட்டு மெத்தையிலயா கெடக்கும்?”

“வெளங்காதவளே! கனமா சேறு பூசிக்கிட்டு இப்ப பாறையில படுத்து வெயில்ல காயப் போட்டுருக்கான். சேறு காஞ்சு மூக்குல ஓடாட்டம் ஒட்டிக்கிட்டா காந்தாரி அவன என்ன பண்ணும்? காஞ்சதும் மேல வந்து கடைசிச் செடிய வேரோட தோண்டப் போறானாம். கூட்டத்துக்கிட்ட சொல்லிச் சிரிக்கான். நான் காதாரக் கேட்டேன்!”

வெயிலாச்சி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். போகிற வழியில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. “ஒனக்கு என்னட்டி இதுல இம்புட்டு அக்கறை?”

“என் கூடு அந்தச் செடியிலதான இருக்கு!” என்றது கொண்டைச்சி. “பாம்பு வராது, அணில் வராது, காரத்துக்குப் பயந்து ஒரு நாய் நரி அண்டாது. அதனால அதுல கட்டுனேன். உள்ள மூணு குஞ்சு இருக்கு. இன்னும் றெக்கை மொளைக்கல.”

இத்தனை நாளும் தினம் அந்தச் செடிக்குப் போய்வந்தவள் அந்தக் கூட்டைப் பார்த்ததே இல்லை. அவ்வளவு சாமர்த்தியமாக இலைக்குள் ஒளித்து வைத்திருந்தது. பாறை மேல் ஏறியதும் இலையை விலக்கிப் பார்த்தாள். மூன்று மொட்டைக் குஞ்சுகள் கண்ணை மூடியபடி வாயை மட்டும் கிணறுபோலத் திறந்து வைத்துக்கொண்டிருந்தன.

கீழே பார்த்தாள். ஓடைக்கரைப் பாறையில் ஒத்தைக்கொம்பன் படுத்திருந்தான். மூஞ்சியில் அப்பிய சேறு கறுப்பாக, ஈரமாக மின்னியது. ஓரங்கள் மட்டும் வெளுக்க ஆரம்பித்திருந்தன. வெயிலோ மண்டையைப் பிளந்தது.

“பழத்தையாவது காப்பாத்துவோம்” என்று வெயிலாச்சி பரபரவென்று பறிக்க ஆரம்பித்தாள். அவசரத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிட்டாள். ஆம், கையில் எண்ணெய் பூசவில்லை! அது மட்டுமா, கிளையை அவள் இழுத்த இழுப்பில் நன்றாகப் பழுத்த காந்தாரி ஒன்று காம்பை விட்டு உதிர்ந்து நேரே ஒரு குஞ்சின் வாய்க்குள் விழுந்தது.

“அய்யோ, என் புள்ளையக் கொன்னுட்டாளே!” என்று கொண்டைச்சி அலறியது.

குஞ்சு மிளகாயை விழுங்கியது. கழுத்தை ஒரு முறை நீட்டிச் சுருக்கியது. அப்புறம் வாயைத் திறந்து, “இன்னொண்ணு” என்றது.

வெயிலாச்சியும் கொண்டைச்சியும் செடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயிலாச்சி நம்பாமல் இன்னொரு பழத்தை அடுத்த குஞ்சின் வாயில் போட்டாள். அதுவும் விழுங்கிவிட்டு, “இன்னொண்ணு” என்றது. மூன்றாவது குஞ்சு, “எனக்கு மட்டும் இல்லையா?” என்று சண்டைக்கே வந்துவிட்டது.

வெயிலாச்சி குனிந்து குஞ்சுகளின் வாய்க்குள் உற்றுப் பார்த்தாள். அவள் முகம் பளிச்சென்று மாறியது.

“பல்லு! இதுகளுக்கு இன்னும் பல்லு மொளைக்கலட்டி! கடிச்சாத்தான எரியும்? அந்த ஆமைக்கும் பல்லு கெடையாது! கொரங்கும் ஆடும் கடிச்சுத்தான வெதைய அரைச்சுதுங்க!”

“அப்ப எம் புள்ளைங்களே எல்லாத்தையும் தின்னட்டும்” என்றது கொண்டைச்சி.

“தின்னா? இங்கனயே போடும். ஒத்தைக்கொம்பன் இங்கனதான தோண்டப் போறான். பறக்கத் தெரிஞ்ச வயிறு வேணும்.”

இதைச் சொல்லிவிட்டு வெயிலாச்சி கொண்டைச்சியைப் பார்த்தாள். பறக்கத் தெரிந்த வயிறு அந்தப் பாறை மேல் ஒன்றுதான் இருந்தது. அந்த வயிற்றுக்கு முன்னால், பச்சரிசி அடுக்கினாற்போல, ஊரே பார்த்துப் பொறாமைப்பட்ட பல்வரிசை இருந்தது.

“கடிக்காம விழுங்கிப் பாக்கேன்” என்று கொண்டைச்சி ஒரு பழத்தை எடுத்தது. பிறந்ததிலிருந்து கடித்தே பழகிய வாய்! பழம் உள்ளே போனதும் பல் தானாக இறங்கிவிட்டது. அடுத்த நொடி கொண்டைச்சி பாறை மேல் பம்பரமாகச் சுற்றியது. அதன் கொண்டை செங்குத்தாக எழுந்து நின்றது. (அந்தக் கொண்டை இன்றுவரைக்கும் முழுதாகப் படியவில்லை, பார்த்திருப்பீர்கள்.) பழத்தைத் துப்பிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது.

கீழே சேறு பாதிக்குமேல் வெளுத்துவிட்டது. ஒத்தைக்கொம்பன் ஒரு முறை தலையைத் தூக்கி, மூக்கைப் பாறையில் தட்டிப் பார்த்தான். ‘டொக்’ என்றது. எழுந்து நின்றான்.

“வாரான்” என்றது செடி.

கொண்டைச்சி தன் கூட்டைப் பார்த்தது. அப்புறம் வெயிலாச்சியைப் பார்த்தது. “அக்கா” என்று கூப்பிட்டது. அதுவரை அது அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. “எம் புள்ளைங்கள ஒன் மடியில வச்சுக்கிடுவியா?”

“வச்சுக்கிடுதேன்.”

“அந்த அம்மி நல்ல கெட்டியான கல்லா?”

வெயிலாச்சிக்குப் புரிந்துவிட்டது. “வேண்டாம்ட்டி! நான் கோவத்துல ஆயிரம் சொல்லுவேன், அதெல்லாம்—”

அவள் சொல்லி முடிக்கவில்லை. கொண்டைச்சி மேலே எழும்பியது. அங்கிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு, தலைகீழாக, வாயைத் திறந்தபடியே வந்து அம்மியில் மோதியது. ‘சடார்’ என்று ஒரு சத்தம். பச்சரிசி சிதறினாற்போல அம்மியைச் சுற்றிப் பல் சிதறியது. கொண்டைச்சி எழுந்து, பொக்கை வாயைத் திறந்து, “எங்க, ஒண்ணு போடு” என்றது.

வெயிலாச்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வந்த கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள், விரலால் துடைத்தாள். எண்ணெய் பூசாத கை! காந்தாரி பறித்த கை! இத்தனை வருஷம் மிளகாய் அரைத்தவள், மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட ஊதி விரட்டியவள், அந்தத் தப்பைச் செய்துவிட்டாள். இரண்டு கண்ணும் நெருப்பாகப் பற்றிக்கொண்டன. ஒன்றும் தெரியவில்லை.

“எனக்குக் கண்ணு தெரியலட்டி!”

“அசையாத! அப்பிடியே நில்லு!” என்று கொண்டைச்சி கத்தியது. “கூட்ட மொதல்ல மடியில போடு. கையில இருக்கிற பழத்த மேல தூக்கிப் பிடி. எட்டுற அளவுக்கு மேல! நான் வந்து எடுத்துக்கிடுதேன்!”

வெயிலாச்சி தடவித் தடவிக் கூட்டை எடுத்து முந்தானையில் கட்டிக்கொண்டாள். காய்ந்த சேற்று மூக்கைக் கல்லில் உரசிக்கொண்டு ஒத்தைக்கொம்பன் ஏறிவரும் சத்தம் கேட்டது. ஓடியிருக்கலாம். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது, தெரிந்திருந்தாலும் ஓடியிருக்க மாட்டாள். விரல்களுக்கிடையில் பழத்தை இடுக்கி, கையை வானத்தைப் பார்த்துத் தூக்கினாள். ‘சர்’ என்று ஒரு காற்று. பழம் போய்விட்டது. இன்னொன்றைத் தூக்கினாள். ‘சர்’. அதுவும் போனது. எரிகிற கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவள் தூக்கத் தூக்க, கொண்டைச்சி வந்து வந்து விழுங்கியது.

“எரியுதாட்டி?”

“ஒண்ணுமே இல்லக்கா! இனிக்கிது! போடு, போடு!”

கையில் இருந்தது தீர்ந்துபோனது. செடியில் இன்னும் கொஞ்சம் பழுத்த பழம் மிச்சம். அதெல்லாம் இலைக்கு அடியில் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது, பறந்து வருகிறவளுக்கு எட்டாது. ஒத்தைக்கொம்பன் பாறை விளிம்பில் தலையை நீட்டிவிட்டான்.

அத்தனை நேரமும் வெயிலாச்சி நிற்கும் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த செடி தன் மிடுக்கையெல்லாம் ஒதுக்கி வைத்தது. அவள் கையைப் பார்த்தது. அதைப் போலவே ஒவ்வொரு காம்பையும் முறுக்கித் திருப்பியது. இலைக்குக் கீழே ஒளிந்திருந்த பழமெல்லாம் இலைக்கு மேலே, நெட்டுக்குத்தாக, வானத்தைப் பார்த்து எழுந்து நின்றது!

“எடுத்துக்கோ!” என்றது செடி. “பச்சைய விட்டுரு. பழுத்தத மட்டும் எடு. ஒண்ணுகூட விடாத!”

கொண்டைச்சி ஒரே பாய்ச்சலில் கிளைக்குக் கிளை கொத்திக்கொண்டு போனது. கடைசிப் பழத்தை அது எடுக்கவும் ஒத்தைக்கொம்பனின் மூக்கு செடியின் தூரில் இறங்கவும் சரியாக இருந்தது. மண் பறந்தது. வேர் முறிகிற சத்தம் கேட்டது. வெயிலாச்சி முந்தானையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அம்மிக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செடியை வேரோடு பிடுங்கிப் பாறைக்குக் கீழே வீசினான் ஒத்தைக்கொம்பன். “போய் ஒங்க மூப்பன்கிட்ட சொல்லு, வெயிலாச்சி” என்று உறுமினான். “இந்தத் தடவ சாமை எனக்குத்தான். நல்லாக் களை எடுத்து வையுங்க.” சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

வெயிலாச்சி தட்டுத்தடுமாறி வீட்டுக்கு வந்து, கையில் எண்ணெய் தேய்த்து, சாம்பல் போட்டு, மோரில் அலம்பினாள். கண்ணுக்கு ஆட்டுப்பாலில் நனைத்த துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ‘ஒண்ணுமே இல்லக்கா, இனிக்கிது’ என்று கொண்டைச்சி சொன்னது காதிலேயே நின்றது. காரமே இல்லாமல் ஒரு காந்தாரியா? வாயில் எரியாத காரம் வேறு எங்கே போகும்?

எங்கே போகும் என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

“அக்கா! அக்கா! எரியுதே! வாயில இல்லக்கா... அங்கன எரியுதே!”

கொண்டைச்சி ஒரு கிளையில் உட்கார்ந்தது. உட்கார முடியவில்லை. எழும்பி வேலிக்குப் போனது, வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு சொட்டுப் போட்டது, எரிச்சல் தாங்காமல் அடுத்த மரத்துக்குப் பறந்தது, அங்கே ஒரு சொட்டு. வரப்பு, புதர், பாறை வெடிப்பு, மூப்பன் வீட்டுக் கூரை என்று ஓர் இடம் விடவில்லை. ஊரைச் சுற்றி, வயலைச் சுற்றி, மறுபடி ஊரைச் சுற்றி இருட்டும் வரைக்கும் பறந்தது. உட்கார்ந்த இடத்திலெல்லாம் விதை விழுந்தது. மூப்பன் மாசானம் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தான். “எம்மா வெயிலாச்சி, இந்தக் குருவிக்கு என்ன பேயா புடிச்சிருக்கு?”

“பேய் இல்ல மாமா” என்று கண்ணில் கட்டோடு சிரித்தாள் வெயிலாச்சி. “வேலி கட்டுதா.”

எரிச்சல் அடங்கிக் கொண்டைச்சி கீழே இறங்கியபோது அதன் வாலடி பழுத்த காந்தாரியின் நிறத்தில் செக்கச்செவேல் என்று இருந்தது. வெயிலாச்சி முந்தானையை அவிழ்த்து, கூட்டைத் தன் வாழையின் இலைக்காம்புகளுக்கு நடுவில் வைத்தாள். பக்கத்திலேயே நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றை உரித்தும் வைத்தாள். கடிக்கப் பல் இல்லையே, அதனால் நசுக்கி வைத்தாள்.

அடுத்த மழைக்கு விதையெல்லாம் முளைத்துவிட்டன. கொண்டைச்சி உட்கார்ந்த வேலியடியில், மரத்தடியில், பாறை வெடிப்பில், யாரும் நடாத இடத்திலெல்லாம் காந்தாரி! சாமை கதிர் வாங்கும்போது வயலைச் சுற்றிலும் சிவப்புப் பழம் வானத்தைப் பார்த்து நின்றது. ஒத்தைக்கொம்பன் கூட்டத்தோடு இறங்கி வந்தான். இந்த முறை மூக்கில் சேறு பூசத் தோன்றவில்லை. எதற்குப் பூச வேண்டும், செடியைத்தான் அவனே பிடுங்கி எறிந்துவிட்டானே? முதல் புதரில் மூக்கை வைத்தவன் போட்ட சத்தத்தில் மலை இரண்டு முறை எதிரொலித்தது. ஊத்துப்பாறைக்காரர்கள் சட்டி பானையை இறக்கி வைத்துவிட்டு அறுவடைக்குக் கிளம்பினார்கள்.

விஷயம் காடு முழுக்கப் பரவியது. பல்லைக் கொடுத்தால் யாரும் தொட முடியாத பழமெல்லாம் தனக்குத்தான் என்று தெரிந்ததும் மைனா வந்தது, கிளி வந்தது, குயில் வந்தது. வெயிலாச்சியின் அம்மி முன்னால் ஒரே கூட்டம், ஒரே தள்ளுமுள்ளு. காக்கைக்குத்தான் ரொம்பச் சந்தோஷம், அதன் பல் எப்படியும் கோணல்தானே! ஆனால் முதல் முதலில் எரிச்சலைத் தாங்கியது கொண்டைச்சி ஒருத்திதான், அதனால் சிவப்பு அவளுக்கு மட்டுமே கிடைத்தது.

வெயிலாச்சி அதற்கப்புறம் காந்தாரியை விதைக்கவே இல்லை. பறிக்கப் போகும்போது கையில் எண்ணெய் பூச ஒரு நாளும் மறக்கவில்லை. உச்சிக் கிளையில் இருக்கும் பழத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுவாள். “அது என் தங்கச்சிக்கு” என்பாள்.

அன்று முதல்தான் பறவைகளுக்குப் பல்லும் இல்லை, மிளகாய்க் காரமும் இல்லை. அன்று முதல்தான் கொண்டைக்குருவியின் வாலடி சிவந்திருக்கிறது. அன்று முதல்தான், மற்ற மிளகாயெல்லாம் மண்ணைப் பார்த்துத் தொங்கும்போது, காந்தாரி மட்டும் கண் தெரியாமல் கையைத் தூக்கி நின்ற வெயிலாச்சியைப் போல, ‘வந்து எடுத்துக்கோட்டி’ என்று வானத்தைப் பார்த்து நிற்கிறது.